பத்திரமா இருங்க என்று பயமுறுத்தும் ஊர்

கிதாக்யூஷூ, தொபாதா
சனிக்கிழமை பிற்பகல்

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும், எங்களையெல்லாம் ஆளாக்கி விட்டவருமான ஷிகே அக்கா அவர்களுக்கு, தம்பி தொகுஜிரோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. மழை ஓய்ந்து, தீவில் கணவாய் மீன் காயப்போடும் வெயில் வந்திருக்கும் இந்நாளில் தாங்களும் தங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன். இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். இதை மரியாதைக்காக எழுதவில்லை, செய்தியாகவே எழுதுகிறேன்.

தாங்கள், தங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தால் விஷயம் நகராது, மன்னித்துக்கொள், இனி நீ என்றே எழுதுகிறேன். என் மகள் மிசாவோ கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் வீட்டில் ஒரு வாரம் தங்கு, வீடு எப்படி, ஆட்கள் எப்படி என்று கண்ணால் பார், சரி அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தை எழுது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தானே என்னைப் படகேற்றினாய். வேண்டாம். இதோ எழுதிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்து போனில் கூப்பிட்டே சொல்லியிருப்பேன், ஆனால் அதில் பேசினால் நீ ‘ஹலோ’ சொல்லும் முன்பே தீவு முழுக்கப் பேச்சாகிவிடும். ஏன் வேண்டாம் என்பதை இனிமேல் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ரயில் நிலையத்துக்கு மிசாவோ வரவில்லை. தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுப்பாம். பையனின் அப்பா இவாமோத்தோ வந்திருந்தார். இரும்பு ஆலையில் உலை மேஸ்திரியாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஆலையில் எதையும் விரல் நீட்டிப் பேர் சொல்லித்தான் சரிபார்ப்பார்களாம், ஓய்வு பெற்ற செய்தி அவருடைய ஆள்காட்டி விரலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. நான் முறைப்படி குனிந்து வணங்கி நிமிர்ந்தால், அந்த மனிதர் கையை விறைப்பாக நீட்டி என் பெட்டியைக் குறிபார்த்து, “பெட்டி, சரி” என்கிறார். பிறகு என் காலைக் காட்டி, “ஷூக்கயிறு, சரி” என்கிறார். பிறகு அதே விரல் நேராக என் மூக்குக்கு எதிரே வந்து நின்றது. “சம்பந்தி, சரி” என்றார். நம் தீவில் ஒருவன் முகத்துக்கு நேரே விரல் நீட்டினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். அதுவும் இன்னும் எதுவுமே முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தி எங்கிருந்து வந்தான்? நான் பேசாமல் நின்றதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் வீடு மேட்டுத் தெருவில் உச்சியில் இருக்கிறது. ஏற ஏற எனக்குக் கிலி பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேள். முதலில் தோஃபு விற்கிற ஆள் எதிரே வந்தான். என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, “பத்திரமா இருங்க” என்றான். சரி, வழியில் ஏதோ பள்ளம் போலிருக்கிறது என்று தரையைப் பார்த்து நடந்தேன். அடுத்து துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், “பத்திரமா இருங்க” என்றாள். மேலிருந்து ஏதோ விழப்போகிறது என்று அண்ணாந்து பார்த்தேன், புகைபோக்கிகளைத் தவிர ஒன்றுமில்லை. தபால்காரர், சாராயக் கடை வாசலில் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்த பட்டாளம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், எல்லாரும் அதே எச்சரிக்கை. இவாமோத்தோ ஒவ்வொருவருக்கும் அதையே திருப்பிக் கத்திக்கொண்டு வருகிறார். இந்தத் தெரு முழுக்க ஏதோ ஒன்று தெரிந்து வைத்திருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியவில்லை, அது நான் போகிற வீட்டைப் பற்றியது என்று எனக்குப் பட்டது. கேட்கலாம்தான். பெண்ணைப் பெற்றவன் வந்த முதல் நாளே பயந்துவிட்டான் என்று பேர் வாங்க வேண்டாம் என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ கொடுத்தனுப்பிய காய்ந்த கணவாயை (“கணவாய், சரி” என்று அதையும் விரல் நீட்டிச் சோதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்) சுட்டு வைத்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பையனின் அம்மா தோமிகோ, மத்தி மீனை, காய்கறி ஊறப்போடும் தவிட்டு ஊறலில் போட்டுக் கொதிக்கவைத்திருந்தாள். முதல் வாயை வைக்கிறேன், ஜன்னலில் வானம் பற்றி எரிகிறது. மினுக்கல் இல்லை அக்கா, பாதி வானம் சிவப்பு. நான் துள்ளி எழுந்து, அடுப்பங்கரையிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, தீ தீ என்று கத்தியபடி வாசலுக்கு ஓடி, அவர்கள் வீட்டு ஜன்னல் மேலேயே தண்ணீரை ஊற்றிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் அசராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆலையில் உருகிய இரும்புக் கசடு கொட்டுகிறார்களாம், இந்த நேரத்துக்குத் தினமும் இப்படித்தானாம். தோமிகோ எழுந்து வந்து நனைந்த படியைத் துடைத்துவிட்டு, படியைப் பார்த்து விரலை நீட்டி, “படி, சரி” என்றாள். பாதி வானம் எரிவதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, ஈரப் படியைப் பற்றித்தான் கவலை.

குளியலைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், நீ அம்மா ஸ்தானத்தில் இருப்பவள் என்பதால் எழுதுகிறேன். விருந்தாளி என்று என்னைத்தான் முதலில் தொட்டிக்குள் இறக்கினார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே தோமிகோவின் குரல், பத்திரமா இருக்கீங்களா என்று. ஆடையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதன் அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வான்? பேசாமல் இருந்தேன். மறுபடியும் குரல். மறுபடியும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்து, பையன் கென்சுகே பாய்ந்து வந்து என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து என்னைத் தொட்டியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டான். பதில் வராவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமாம், ஆலையில் அப்படித்தான் வழக்கமாம். சாப்பாட்டில் தலையாட்டியதோடு சரி, என் வருங்கால மருமகனை நான் முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்துப் பேசியது அந்தக் கோலத்தில்தான். பையன் பலசாலி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இதற்குமேல் என்ன இருக்க முடியும் என்று நினைக்கிறாயா? மறுநாள் காலையில் கண் விழிக்கும்போது என் அறையின் காகிதக் கதவுக்கு அப்பால் மூன்று பேரும் உட்கார்ந்து கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் முன் இன்றைக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஆளுக்கொன்று சொல்லி முன்கூட்டியே கண்டுபிடிப்பார்களாம். அன்றைய ஆபத்து நான். காலுறை போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார், வழுக்கும் என்றான் பையன். மத்தி முள்ளைப் பார்க்காமல் விழுங்குகிறார் என்றாள் தோமிகோ. உயரமான ஆள், சமையலறை உத்தரத்தில் இடித்துக்கொள்வார் என்றான் மறுபடியும் பையன். கடைசியில் இவாமோத்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனுசன் மனசுல எதையோ வெச்சுக்கிட்டு வாயத் திறக்காம இருக்கார். எனக்கு அதுதான் பயமா இருக்கு” என்றார். மூன்று பேரும் கையை நீட்டி ஒரே குரலில் “சம்பந்தி, சரி” என்று முடித்துக்கொண்டார்கள். நான் கீழே இறங்கும்போது படிகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை ஒட்டியிருந்தது, உத்தரத்தில் பழைய தலையணை கட்டியிருந்தது, என் தட்டிலிருந்த மத்தியில் முள்ளே இல்லை. பெற்ற தாய்கூட எனக்கு முள் எடுத்துக் கொடுத்ததாக நினைவில்லை.

அதோடு விட்டார்களா. வெளியே போய் வருகிறேன் என்றதும் இவாமோத்தோ ஒரு பச்சைத் துணிப்பட்டையைக் கொண்டுவந்து என் சட்டைக் கையில் ஊசியால் குத்திவிட்டார். ஆலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கட்டும் பட்டை அது. இவன் புது ஆள், விவரம் போதாது, ஆளாளுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். புயலில் பாய்மரம் ஒடிந்த படகை ஒற்றைக் கையால் கரை சேர்த்தவன் நான், தலை நரைத்த பிறகு எனக்குப் பச்சைப் பட்டை. தெருவில் இறங்கினால் பட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஓடி வருகிறார்கள். சாலையைக் கடக்க ஒரு கிழவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார், அவருக்கு என்னைவிட வயது அதிகம். சாராயக் கடைக்காரன் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பார்த்துக் குடியுங்கள், கண்ணாடிக் கிளாஸ் என்கிறான். கழற்றி எறிந்திருப்பேன், குத்தின ஊசி முதுகுப் பக்கம் இருந்தது, கை எட்டவில்லை.

மர்மம் உடைந்தது முடிதிருத்தும் கடையில். முகமெல்லாம் நுரை பூசி, நாற்காலியைச் சாய்த்து, என் கழுத்தில் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு அந்த ஆள் நிதானமாகச் சொன்னான், “பத்திரமா இருங்க.” அவ்வளவுதான், நான் பாதி மீசையோடு தெருவில் நிற்கிறேன். அவன் சொன்னது எனக்கல்ல, என் பின்னால் காசு கொடுத்துவிட்டு வெளியேறிய ஆளுக்காம். பச்சைப் பட்டையைப் பார்த்ததும் கடையிலிருந்த எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் அந்த ஆள் விளக்கினான். “இது வணக்கம் மாதிரிங்க. ஆலைக்குள்ள ஆரம்பிச்சது, அப்புறம் அப்படியே ஊருக்குள்ள வந்துட்டுது. காலையிலயும் இதுதான், சாயங்காலமும் இதுதான். என் பொண்டாட்டி எங்கூட சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போனப்போகூட இதச் சொல்லிட்டுத்தான் கதவ அறைஞ்சா. யாராவது சொன்னா நீங்களும் திருப்பிச் சொல்லிடுங்க, அவ்வளவுதான்” என்றான்.

அவ்வளவுதானாம். அக்கா, நீயே சொல், நம் வீட்டில் பிறந்தவன் அதை எப்படித் திருப்பிச் சொல்வான்? கடலுக்குப் போகிறவனைப் பார்த்து நம் தீவில் யாராவது வாயைத் திறந்திருக்கிறார்களா? ஆபத்து என்ற பேச்சை எடுத்தால் கடலுக்குக் காது கேட்டுவிடும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். அப்பா படகேறும்போது அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள், படகுச் சத்தம் ஓயும்வரை நிற்பாள். நீயும் அப்படித்தான் நின்றாய், நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். மனதில் இருப்பதையெல்லாம் முதுகில் வைத்துத்தான் அனுப்புவோம். இந்த ஊரோ விடிந்து எழுந்தால் நாள் முழுக்க அபாயத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அது வணக்கம்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டிய என் அதிர்ச்சி இரண்டு மடங்காகிவிட்டது.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கென்சுகே வேலைக்குக் கிளம்பினான். அவன் ஆலையில் கூரைக்குக் கீழே ஓடும் பாரந்தூக்கியில் உட்கார்ந்து, காய்ச்சிய இரும்புச் சட்டிகளைத் தூக்கி மாற்றுகிறவன். வாசலில் பெற்றோர் இருவரும் வரிசையாக நின்று அந்த வார்த்தையைச் சொன்னார்கள், அவனும் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி, எனக்கும் சொல்லிவிட்டு நின்றான். என்னதான் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும், நெருப்பின் மேல் ஏறி உட்காரப் போகிற பிள்ளை. நான் நம் முறைப்படி, முழு மனதோடு, முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். என் சொந்த மகனுக்குக்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. அவன் படியிறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகு திரும்பினால், தோமிகோவின் கண் கலங்கியிருந்தது. நம் மரியாதை அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் உடனே முக்காட்டைக் கட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனாள், இன்னும் வரவில்லை. இவாமோத்தோவும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்ததிலிருந்து முதல்முறையாக யாரும் எதையும் சுட்டிக்காட்டாத வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே வேண்டாம். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நம் பெண் காலையில் கண் விழித்தால் ஆபத்து, படுக்கப் போனால் ஆபத்து என்று எண்ணியெண்ணி இளைத்துப்போவாள். இங்கே ஒரு வருஷம் வாழ்ந்தால் அவளும் விரல் நீட்ட ஆரம்பித்துவிடுவாள், நாளை பிறக்கும் குழந்தையைத் தூக்கிப் பார்த்து அதற்கும் சரி போடுவாள். அவளுக்கு வயது இருக்கிறது, ஆறிப்போகும். நீ உன் கையால் இவாமோத்தோவுக்கு நயமாக ஒரு கடிதம் எழுதி முடித்துவிடு, எனக்கு இவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு ஆசியையும், என் படகைத் தொடுகிறவர்களுக்கு என் சாபத்தையும் சொல். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே. நம் முன்னோர் எல்லாரும் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், எனக்கு ஊர் திரும்பும் பாக்கியத்தைத் தரட்டும்.

இப்படிக்கு, பச்சைப் பட்டையுடன்,
உன் தம்பி தொகுஜிரோ

பின்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை. மேலே எழுதியதில் ஒரு வரியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன், என்ன நடந்தது என்று உனக்கு விளங்காது என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

நேற்று உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இவாமோத்தோ என் அறைக்கு வந்து, பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். விரலை நீட்டவில்லை. “இந்தச் சம்பந்தம் வேண்டாங்க” என்றார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்கிறார். “உங்க பொண்ணுமேல ஒரு குறையும் இல்ல. ஆனா என் பையன் நெருப்புச் சட்டியத் தூக்குறவன். மாமனார் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அனுப்பினாருங்கற நெனப்போட அவன் மேல ஏறக் கூடாது. மனசு கலங்கினா கை தவறும்” என்றார். தோமிகோ எங்கே போனாள் தெரியுமா? ஆலை வாசலுக்கு. பையன் வெளியே வரும்வரை சாப்பிடாமல் கொள்ளாமல் அங்கேயே நின்றிருக்கிறாள். அவன் நல்லபடியாக வந்துவிட்டான், பயப்படாதே.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நானே வேண்டாம் என்றேன், சரி, அது என் உரிமை. இவர்கள் எப்படி நம் பெண்ணை வேண்டாம் என்று சொல்லலாம்? இவளைப்போல ஒரு பெண் இந்த மேட்டுத் தெருவில் உண்டா? ராத்திரி முழுக்கப் புகைந்துவிட்டு இன்று காலை கத்துவதற்கு வாயைத் திறக்கிறேன், மிசாவோ வந்துவிட்டாள். விஷயம் தெரிந்து வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, தோமிகோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “அந்த வார்த்தையச் சொல்ல எனக்கும் மொதல்ல நாக்கு எழும்பலப்பா. சொன்னா ஏதாவது ஆயிடும்னு பயம். சொல்லிட்டு அன்னைக்கு முழுக்க வேலையில தப்புத் தப்பா லைன் போட்டேன். அவன் சாயங்காலம் நல்லபடியா வந்து நின்னான்” என்றாள். நம் பெண் இதை நமக்குத் தெரியாமல் தனியாகவே தாண்டியிருக்கிறாள் அக்கா.

அப்புறம்தான் நான் நம் வழக்கத்தை அவர்களிடம் சொன்னேன். முதுகு எதற்கு, சுவர் எதற்கு, கடலுக்கு ஏன் காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இவாமோத்தோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். தோமிகோதான், “அப்படி ஒண்ணும் சொல்லாம அனுப்பினீங்களே, எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு அத்தான் நினைவு வந்தது. எங்கள் அக்காவின் புருஷன் வரவில்லை என்றேன். அவள், “என் தம்பியும் வரல. நான் வாசல்ல நின்னு சொல்லித்தான் அனுப்பினேன், அப்பவும் ஆலையிலேருந்து அவன் வரல. ஆனா சொன்னேன்ங்கற ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அத வெச்சுக்கிட்டுத்தான் இத்தன வருஷமும் சாப்பிடுறேன், தூங்குறேன்” என்றாள்.

எனக்கு இந்த வீடு வேண்டும் அக்கா. மிசாவோவுக்கு வேறு வீடு வேண்டாம். உங்கள் குடும்பத்தில் பெரியவர் வந்து பேசினால் யோசிக்கலாம் என்று இவாமோத்தோ சொல்லிவிட்டார், என் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லாமல் போய்விட்டது. நான் இரண்டு பேர் முன்னாலும் நெற்றி தரையில் படக் குனிந்து பார்த்தாயிற்று. முழங்கால் என்று சாக்குச் சொல்லாதே, இது கிடைத்த மறுநாள் படகிலேயே கிளம்பு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, இத்தனை வருஷத்தில் யாரும் உன்னிடம் கேட்டதில்லை. அன்று அத்தான் படகேறும்போது நீ சுவர்ப்பக்கம் திரும்பாமல் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். வந்து தோமிகோவிடம் சொல்.